கடலூர் மாவட்டக் கிராமங்களில் வீடும் வாடகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறிஞ்சிப்பாடி வட்டத்தில், பத்திரங்களும் வாடகை ஒப்பந்தங்களும் எழுதுகிற ஒரு மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். வீடு விடுபவரும் வீடு தேடுபவரும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கடலூர் நகரத்தையும் புதுச்சேரி நகரத்தையும் பற்றியது அல்ல இது. அவற்றைச் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சிறு ஊர்களையும் பற்றியது.

கிராமத்தில் வாடகைக்கு யார் வரப்போகிறார்கள்? எல்லோருக்கும் சொந்த வீடு இருக்குமே?

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் ஆகியோரை விட்டால் கிராமத்தில் குடித்தனம் வருபவர் எவரும் இல்லை. அவர்களுக்கும் யாராவது ஒரு பெரிய வீட்டுக்காரர் முன்கட்டை ஒழித்துக் கொடுத்துவிடுவார். இன்று நிலைமை வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் சுமார் 26 லட்சம் பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கிராமப்புறத்தில் வாழ்கிறார்கள் என்றாலும், அவர்கள் எல்லோரும் பிறந்த ஊரிலேயே வாழவில்லை. உள்ளடங்கிய ஊரில் நிலமும் வீடும் இருக்கும்போதே, பிள்ளைகளின் பள்ளி வேன் வந்து நிற்கும் சாலையோர ஊரில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரியாததால் தனிக்குடித்தனம் போனவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், முந்திரிக் கொட்டகைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கும் வடமாநிலத்தவர்கள் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் இருக்கிறது, வீடு கிடைப்பதுதான் சிரமம். ஏனெனில் இங்கே வாடகைக்கென்றே கட்டப்பட்ட வீடுகள் குறைவு. சாலையோரங்களில் எழும் லைன் வீடுகளைத் தவிர்த்தால், மகனுக்கென்று மெத்தை வீட்டின் மேலே எழுப்பிய ஒரு பகுதியோ, புது வீட்டுக்குப் போனபிறகு விட்டுவைத்த பழைய ஓட்டு வீடோதான் வாடகைக்கு வருகின்றன. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானால் மாடி காலியாக வேண்டும். வாடகைக்குப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

எந்தப் பகுதிகளில் வாடகை ஏறுகிறது?

ஊரின் தகுதியைப் பார்த்து இங்கே வாடகை ஏறுவதில்லை. ஊருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து ஏறுகிறது. ஒரே ஊராட்சிக்குள் பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் வீட்டுக்கும் அரை மைல் உள்ளே இருக்கும் வீட்டுக்கும் இடையில் வாடகை பாதியாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே 'கிராமப்புற வாடகை நிலவரம்' என்று ஒரே எண்ணைச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

முதலில் நெய்வேலியைச் சுற்றிய பகுதி. 1956இல் தொடங்கப்பட்ட நிலக்கரி நிறுவனத்தின் நகரியத்தில் நிரந்தர ஊழியர்களுக்குக் குடியிருப்புகள் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும், ஓய்வு பெற்றபின் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டியவர்களுக்கும் மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர் ஆகியவையே புகலிடம். ஓய்வு பெற்றவர்களில் பலர் அங்கேயே மனை வாங்கி, கீழே தாங்கள் இருந்துகொண்டு மேலே வாடகைக்கு விடுகிறார்கள். மாதச் சம்பளம் தேதி தவறாமல் வரும் இடமாதலால் வாடகையும் தவறாமல் வரும் என்ற நம்பிக்கை அங்கே உண்டு. மாவட்டத்தின் பிற பகுதிகளில் வாடகை 'அறுப்பு முடிந்து தருகிறேன்' என்ற பேச்சுக்கு உட்பட்டது.

அடுத்தது வடலூர். கடலூர்–விருத்தாசலம் சாலையும் பண்ருட்டி–கும்பகோணம் சாலையும் வெட்டிக்கொள்ளும் நான்குமுனை அது. 2021இல் நகராட்சியாக உயர்த்தப்பட்டது. எந்தத் திசைக்கும் பேருந்து கிடைப்பதால், கணவன் நெய்வேலியிலும் மனைவி கடலூரிலும் வேலை பார்க்கும் குடும்பங்கள் வடலூரையும் அதை ஒட்டிய ஊராட்சிகளையும் தேர்ந்தெடுக்கின்றன. தைப்பூசத்தின்போது சத்திய ஞான சபைக்கு வரும் கூட்டத்துக்காகச் சில நாட்களுக்கு மட்டும் அறை விடுவது தனிக் கணக்கு. அதை வைத்து ஆண்டு வாடகையைக் கணிக்கக் கூடாது.

சிதம்பரத்தை ஒட்டிய ஊர்களின் கதை சற்று மாறியிருக்கிறது. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நம்பி அண்ணாமலைநகரிலும் சுற்றுப்புறத்திலும் மாணவர்களுக்காக அறைகள் கட்டியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். 2013இல் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்று, மிகை ஊழியர்கள் வெளியூர் அரசு நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டபின், ஊழியர் குடும்பங்கள் இருந்த பெரிய வீடுகள் சில காலியாயின. மறுபுறம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2021இல் அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியபின், பயிற்சி மருத்துவர்களும் செவிலியர்களும் சிறிய வீடுகளைத் தேடுகிறார்கள். பெரிய வீட்டை இரண்டாகத் தடுத்து விட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பருப்புத் தொழில் நடக்கும் ஊர்களில் தொழிலாளர்களை முதலாளிகளே தங்க வைப்பதால், வேலை பெருகினாலும் வாடகைச் சந்தை பெரிதாக அசையவில்லை.

நான்கு வழிச்சாலை வந்துவிட்டால் எங்கள் ஊரில் வாடகை கூடுமா?

மனை விலை கூடும். வாடகை கூடும் என்று சொல்ல முடியாது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் செல்லும் சாலையும், விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகத் தஞ்சாவூர் செல்லும் சாலையும் விரிவாக்கப்பட்டதில் இரண்டு விளைவுகளைக் காண்கிறோம். சாலை வேலை நடக்கும் ஆண்டுகளில் பொறியாளர்களும் இயந்திர ஓட்டுநர்களும் வந்து, கேட்ட வாடகையைக் கொடுத்துத் தங்குகிறார்கள். அந்த வாடகை நிலைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கி மாடி எழுப்பியவர்கள், வேலை முடிந்து அவர்கள் போனதும் தவிக்கிறார்கள். சாலை முடிந்தபின் புறவழியில் பேருந்து நிற்காமல் போனால், முன்பு பேருந்து நின்ற பழைய கடைத்தெருவின் வாடகை சரியவும் செய்யும். பேருந்து எங்கே நிற்கும் என்று தெரியும்வரை வாடகைக்கென்று கட்ட வேண்டாம் என்பதே நான் சொல்லும் ஆலோசனை.

சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப்படும் என்ற பேச்சு உள்ள ஊரில் வீடு வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் வருவாய்க் கோட்ட அலுவலகத்திலும் நிலமெடுப்பு அலுவலகத்திலும் அந்தப் புல எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெய்வேலிச் சுரங்கத்துக்காக, விளைந்து நின்ற நெல்லுக்கு நடுவே கால்வாய் தோண்டப்பட்டபோதுதான் பலர், நிலம் எடுக்கப்பட்டிருப்பதும் அதை ஒருவர் கைவசம் வைத்திருப்பதும் வேறு வேறு என்பதைப் புரிந்துகொண்டார்கள். நிலம் எப்போதோ எடுக்கப்பட்டிருக்கலாம். இன்றும் உழுதுகொண்டிருப்பவர் விற்பவராகவே இருக்கலாம். பத்திரம் அவர் பெட்டியிலேயே இருக்கலாம். இவற்றில் எதுவும் விற்கும் உரிமை அவரிடம் இருப்பதைக் காட்டாது.

இத்தகைய ஊர்களில் வீடு பழுதுபார்ப்பதும் நின்றுவிடுகிறது. 'எடுக்கப்போகிற வீட்டுக்கு எதற்கு வெள்ளை' என்று விட்டுவிடுவதால், குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளில் கூரையும் தளமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

போக்கியம் என்றால் என்ன? வாடகையைவிட அது லாபமா?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, குறிப்பிட்ட காலம் வரை வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்பப் பெறுவது போக்கியம். ஒத்தி என்பதும் அதுதான்.

கணக்கைக் கண்ணால் பார்த்தால் புரியும். மூன்று லட்சம் ரூபாய் போக்கியம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் 3,500 ரூபாய் வரும் என்றும் கொள்வோம். குடிவருபவர் அந்த மூன்று லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் மாதம் 1,750 ரூபாய் கிடைக்கும். அதை விட்டுக்கொடுத்து 3,500 ரூபாய் வாடகையை மிச்சப்படுத்துகிறார், அவருக்கு லாபம். வீட்டுக்காரர் அதே மூன்று லட்சத்தை ஊரில் இரண்டு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கு, வாங்கியிருந்தால் மாதம் 6,000 ரூபாய் வட்டி கட்டியாக வேண்டும். 3,500 ரூபாய் வாடகையை இழந்து 6,000 ரூபாய் வட்டியிலிருந்து தப்பிக்கிறார், அவருக்கும் லாபம். இருவருக்கும் ஒரே நேரத்தில் லாபமாகத் தோன்றுவதால்தான் மகளின் திருமணம், மகனின் வெளிநாட்டு விசா, ஆழ்துளைக் கிணறு என்று எந்தப் பெரிய செலவு வந்தாலும் வீடு போக்கியத்துக்குப் போகிறது.

சிக்கல் கடைசி நாளில் வரும். வீட்டுக்காரர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டிருப்பார். அடுத்த போக்கியக்காரர் கிடைத்தால்தான் உங்கள் பணம் திரும்பும். 'அண்ணே, இன்னும் ரெண்டு மாசம் இருந்துக்குங்க, ஆள் பாத்துக்கிட்டு இருக்கேன்' என்ற வாக்கியத்தை என் மேசைக்கு எதிரில் கேட்காத மாதம் குறைவு. இரண்டு மாதம் எட்டு மாதமாகும்; அதற்குள் குடியிருப்பவர் வேறு ஊரில் முன்பணம் கொடுத்திருப்பார்.

ஆகவே மூன்று எச்சரிக்கைகள். வீட்டைக் குடியிருப்புடன் ஒப்படைத்துக் கடன் பெறுவது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் அடமானத்தின் ஒரு வகை. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அத்தகைய அடமானம் இரண்டு சாட்சிகளின் சான்றொப்பத்துடன் பதிவு செய்யப்பட்ட ஆவணமாக இருக்க வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளும் போக்கிய ஒப்பந்தம், பணம் கொடுத்ததற்குச் சான்றாகலாம்; வீட்டின் மீது உரிமை தராது. இரண்டாவது, வில்லங்கச் சான்று பாருங்கள். அதே வீடு வங்கியில் ஏற்கெனவே ஈடாக இருந்தால் வங்கிக்கே முன்னுரிமை. மூன்றாவது, தொகையை வங்கி வழியாகவே கொடுங்கள். பதிவுச் செலவுக்கு அஞ்சி மூன்று லட்சத்தை வாய்ச்சொல்லில் நம்பிக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தத்தைவிட வியப்பே மிகுகிறது. இவர்களே மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள்.

வாடகை ஒப்பந்தத்தை ஏன் பதினோரு மாதத்துக்கே எழுதுகிறார்கள்?

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கவே பதினோரு மாதம் என்ற வழக்கம் வந்தது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர்–வாடகைதாரர் சட்டம், வாடகை உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஊராட்சிப் பகுதிகளில் இதை நினைத்து ஒப்பந்தம் எழுதுபவர் அரிது. இருந்தாலும் பேரம் பேசும்போது அந்த மூன்று மாதக் கணக்கை எடுத்துச் சொன்னால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இறங்கி வருகிறார்கள்.

ஒப்பந்தமே எழுதாமல் மாத வாடகைக்கு இருப்பவரை நாளைக்கே வெளியேறச் சொல்ல முடியாது. மாதக் குத்தகைக்குப் பதினைந்து நாள் அறிவிப்பு வேண்டும் என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் 106ஆம் பிரிவு.

மின்கட்டணத்தை எப்படிப் பிரிப்பது?

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 அலகு இலவசம். நான்கு லைன் வீடுகளுக்கு ஒரே மீட்டர் இருந்தால் அந்த 100 அலகும் நான்கு குடும்பத்துக்குள் கரைந்துவிடும். மொத்தப் பயன்பாடு கூடுவதால் மேல்நிலைக் கட்டணமும் விழும். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு மாதம் இருநூறு ரூபாய் அதிக வாடகை கொடுத்தாலும் தகும்.

வெள்ளம் வரும் வீடா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த மாவட்டத்தில் வீட்டின் மதிப்பைத் தீர்மானிப்பது அறைகளின் எண்ணிக்கை அல்ல, தரைமட்டத்தின் உயரம் என்பது என் உறுதியான கருத்து. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று மேற்கே பெய்யும் மழையெல்லாம் கடலுக்குப் போகும் வழி இதுதான். 2015 நவம்பரில் பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடையில் வந்த வெள்ளம் வீடுகளோடு உயிர்களையும் கொண்டுபோனது. 2024இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின், டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், தென்பெண்ணைக் கரையின் இருபுறமும் கடலூர், புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. கொள்ளிடத்தை ஒட்டிய திட்டுக்காட்டூர், அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் போன்ற ஊர்களுக்கோ ஐப்பசி மழை தேவையே இல்லை. மேட்டூர் நிரம்பினால் ஆடியிலேயே தண்ணீர் வந்துவிடும்.

வீட்டுக்காரரிடம் கேட்டால் 'வாசல் வரைக்கும்தான் வரும்' என்பார். சுவரிடம் கேளுங்கள். பரவனாற்றுப் பக்கம் ஒரு குடும்பத்துக்காக நான் பார்க்கப்போன வீட்டில், கூடத்துக்குப் புதிதாக இளம்பச்சை டிஸ்டெம்பர் அடித்திருந்தார்கள். கறை எதுவும் தெரியவில்லை. ஆனால் தொலைக்காட்சி வைக்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் தரையிலிருந்து ஓரடியில் இல்லாமல், என் மார்பு உயரத்தில் இருந்தது. பழைய பாயிண்ட் இருந்த இடத்தைச் சிமெண்டு வைத்து அடைத்திருந்ததும், பார்வையைத் தாழ்த்தினால், தெரிந்தது. பின்கட்டில் மரக் கதவின் கீழ்ப்பாதிக்கு மட்டும் தகரம் அடித்திருந்தார்கள். மாவு அரைக்கும் கிரைண்டரை நான்கு வரிசைக் கல்லின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். அந்தக் கூடத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவர் எழுதி ஒட்டிவிட முடியாது. வீட்டம்மாவிடம் தயங்கிக் கேட்டபோது, 'மூணு நாள்தாங்க நின்னுது, அப்புறம் வடிஞ்சிடுச்சு' என்றார், மூன்று நாள் என்பது குறைவு என்ற தொனியில்.

சாலையை ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் மேலே மேலே போடுவதால், இருபது ஆண்டுக்கு முன் மேடாக இருந்த வீடு இன்று பள்ளமாகியிருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் கடைக்காலுக்கு மேல் நான்கடி, ஐந்தடி உயர்த்துகிறார்கள். செலவுதான், ஆனால் அந்தப் படிக்கட்டுகளே பிற்காலத்தில் வாடகையைப் பேசும்.

கூரை வீடுகள் குறைந்துவிட்டனவா?

வெகுவாகக் குறைந்திருக்கின்றன. 2011 டிசம்பர் 30இல் வந்த தானே புயல் இதில் ஒரு எல்லைக்கோடு. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அந்தக் காலையில் கூரை என்று ஒன்று நின்ற தெருவே எங்கள் பக்கம் இல்லை. அதற்குப் பிறகு பசுமை வீடு, 2016 முதல் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம், 2024–25 முதல் கலைஞரின் கனவு இல்லம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டங்கள் வந்தன. கடைசியாகச் சொன்னதில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் மதிப்பீடு. 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது மாநில இலக்கு.

வாடகைச் சந்தைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கூரையைப் பிரித்துவிட்டுத் திட்ட வீடு கட்டும் குடும்பம், கட்டி முடியும்வரை எங்காவது இருந்தாக வேண்டும். பணம் கடைக்கால், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாக வருவதால், மூன்று மாத வேலை ஓராண்டு இழுக்கும். இந்த 'கட்டுகிற காலத்துக் குடித்தனம்' எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறாத வாடகைத் தேவை. ஒற்றை அறையும் தகர ஷெட்டும்கூட இதனால் வாடகைக்குப் போகின்றன. திட்ட வீட்டை வாடகைக்கு விடலாமா என்று கேட்பவர்களுக்கு: பயனாளி குடும்பம் குடியிருப்பதற்காகத் தரப்படுவது அது, நான் அதற்கு ஒப்பந்தம் எழுதுவதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளை ஏன் வாடகைக்கு விடுவதில்லை?

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கம் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்த பணத்தில் எழுந்த பெரிய வீடுகள் ஆண்டில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கின்றன. வாடகைக்கு விட்டால் விடுமுறையில் வரும்போது தங்க இடமிருக்காது என்பது ஒரு காரணம். குடிவந்தவர் எழும்பமாட்டார் என்ற அச்சம் இன்னொன்று. மூன்றாவது காரணத்தை யாரும் வெளியில் சொல்வதில்லை: அந்த வீடு வருமானத்துக்காகக் கட்டப்பட்டது அல்ல, ஊருக்குக் காட்டக் கட்டப்பட்டது. அதில் வேறொருவர் துணி காயப்போடுவதைப் பார்க்க மனம் ஒப்பாது. அண்மைக் காலத்தில் கீழ்த்தளத்தை மட்டும் ஆசிரியர் குடும்பம் போன்றவர்களுக்குக் குறைந்த வாடகையில் விட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வீடு தேடுபவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. பள்ளிவாசல் வழியாகவோ உறவினர் வழியாகவோ விசாரித்தால் கிடைக்கும், விளம்பரப் பலகையில் கிடைக்காது.

வாடகைக்குக் கேட்டால் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கிறார்களே?

கேட்கிறார்கள். நேராகக் கேட்காதவர்கள் சொந்த ஊர், தெரு, குலதெய்வம் என்று சுற்றிவந்து கேட்கிறார்கள். ஊர்த்தெருவில் காலியாக இருக்கும் வீடு, பட்டியலினத்து ஆசிரியர் வந்து கேட்டதும் 'தம்பி வரப்போறாரு' என்று காலியில்லாமல் போவதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. சொல் நீங்கினாலும் இரண்டு குடியிருப்புகளுக்கும் நடுவே இருக்கும் வயல் நீங்கவில்லை. நடைமுறையில் மாற்றம் தெரிவது சாலையோரத்து 'நகர்'களில்தான். அங்கே வீட்டுக்காரரும் வெளியூர், குடியிருப்பவரும் வெளியூர் என்பதால் கேள்வி குறைகிறது. அதே ஊராட்சியில் நகரின் வாடகை ஊர்த்தெருவைவிட அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கேள்வி கேட்கப்படாமல் இருப்பதற்கும் சேர்த்துச் சிலர் வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது.

மனை வாங்கி, வீடு கட்டி வாடகைக்கு விடுவது நல்ல முதலீடா?

பத்து லட்சம் ரூபாய் செலவில் ஒரு பகுதி கட்டி, மாதம் 4,000 ரூபாய் வாடகை வந்தால் ஆண்டுக்கு 48,000 ரூபாய். ஐந்து சதவீதம்கூட இல்லை. காலியாகக் கிடக்கும் மாதங்களையும் வெள்ளையடிப்பையும் கழித்தால் வங்கி வைப்புத்தொகை மேல். மனையின் விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பில் வாங்குவது வேறு விஷயம்.

அப்படி வாங்குகிறவர்கள் அங்கீகாரத்தைப் பார்க்க வேண்டும். விளைநிலங்கள் கல் நட்டு மனைகளாக விற்கப்பட்டதைக் கண்டு, அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அவ்வாண்டு அக்டோபர் 20க்கு முன் உருவானவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. ஊராட்சித் தலைவர் கையொப்பமிட்ட பழைய வரைபடத்தைக் காட்டி 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லும் தரகரை அத்துடன் விட்டுவிடுங்கள். வீட்டு வரைபட அனுமதி எளிதாகியிருக்கிறது: 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டுவதற்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். பதிவுக்கு வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் பக்கத்திலும் பாகூர்ப் பக்கத்திலும் இன்னும் 'குழி'க் கணக்கில் விலை பேசுகிறார்கள். வழக்கில் ஒரு குழி 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. ஒரு சென்டோ 435.6 சதுர அடி. குழி விலையைச் சென்ட் விலை என்று நினைத்து மலைத்துப் போனவரும், சென்ட் விலையைக் குழி விலை என்று நினைத்து மகிழ்ந்து போனவரும் உண்டு. எதுவானாலும் பத்திரத்தில் சதுர அடியில் எழுதுங்கள்.

ஆதிதிராவிடருக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தையும், நிபந்தனைக் காலம் முடியாத இலவச வீட்டுமனையையும் வாங்க வேண்டாம். மலிவாகத்தான் கிடைக்கும்.

கோயில் மனையில் உள்ள வீட்டை வாங்கலாமா, வாடகைக்குப் போகலாமா?

சிதம்பரம், விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணம் சுற்றுப்புறங்களில் வீடு ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருப்பது சாதாரணம். வீட்டுக்காரர் கோயிலுக்கு அடிமனை வாடகை செலுத்துவார். அறநிலையச் சட்டப்படி அது மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்படும். வாங்குகிறவருக்கு மண்ணின் மீது உரிமை வராது, வங்கிக் கடனும் கிடைக்காது. வாடகைக்குப் போகிறவர் வீட்டுக்காரரின் அடிமனை நிலுவையைக் கேட்டுக்கொண்டால் போதும்; நிலுவை பெரிதாக இருந்தால், ஒரு நாள் கோயில் அலுவலர்கள் பூட்டுடன் வருவார்கள்.

கடலோர ஊர்களில்?

கரையை ஒட்டிக் கட்டுவதற்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டும். மக்கள் நெருக்கம் குறைந்த ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டித்தரப்பட்ட வீடுகளில் குடியிருக்கும் மீனவர் குடும்பங்கள் வலைக்கும் படகுக்கும் பக்கத்தில் பழைய இடத்தையும் விடாமல் வைத்திருப்பதுண்டு. அந்தப் பழைய இடங்களை 'கடல் பார்த்த வீடு' என்று வெளியூர்க்காரருக்குக் காட்டும் தரகர்கள் வந்திருக்கிறார்கள். பட்டாவைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

வீடு பார்க்க எந்த மாதம் நல்லது?

பள்ளிச் சேர்க்கையை ஒட்டிச் சித்திரை, வைகாசியில் எல்லோரும் வீடு மாறுவதால் அப்போது வாடகை உச்சத்தில் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள். காலியான வீடு அந்த மாதம் முழுவதும் காலியாகவே கிடக்கும் என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆகவே கார்த்திகையில், நல்ல மழை பெய்த மறுநாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தாலும், போய் வீட்டைப் பாருங்கள். மார்கழியில் வாடகையைப் பேசி முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, தை பிறந்ததும் குடிபோங்கள்.